கடலில் கலக்கும் காவிரி, கடைமடையில் ஏறும் உப்பு

2023 அக்டோபர் 10ஆம் நாள் மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு விடப்பட்ட தண்ணீர் நிறுத்தப்பட்டது. வழக்கப்படி அது ஜனவரி 28 வரை ஓடியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜூலை இறுதியில் அதே அணை 120 அடியை எட்டி நிரம்பியது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலான உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குச் சென்றது. இந்த இரண்டு நிலைகளிலும் டெல்டாவில் மூன்று பேச்சுகள் ஒருசேர எழுகின்றன. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்பது ஒன்று. வாய்க்கால்கள் முடியும் கடைமடை ஊர்களில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்பது இன்னொன்று. பக்கத்திலேயே இவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது அதையே நன்னீராக்கிக்கொள்ளலாமே என்பது மூன்றாவது.

தனித்தனியாகத் தோன்றும் இம்மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: பூமியில் நன்னீர் எங்கே இருக்கிறது, உவர்நீர் எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் இடையிலான எல்லையை எது தீர்மானிக்கிறது? கடற்கரையே அந்த எல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நிலத்துக்கடியில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். ஆண்டுதோறும் நகரவும் செய்யலாம். அதை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது, மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் நன்னீர்.

எதை நன்னீர் என்கிறோம்?

ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவை வைத்து நீரைத் தரம் பிரிக்கிறார்கள். டி.டி.எஸ். என்று எல்லோருக்கும் பழகிப்போன அளவு இதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவிதிப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடங்களில் 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். குளோரைடு மட்டும் தனியாகப் பார்த்தால் இந்த வரம்புகள் 250, 1000 மில்லிகிராம். சராசரிக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதாவது 35,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் குளோரைடு மட்டும் 19,000 மில்லிகிராமுக்கு மேல்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் டெல்டாவின் அபாயம் விளங்கும். நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து லிட்டர் கடல்நீர் கலந்தாலே போதும், டி.டி.எஸ்., குளோரைடு இரண்டும் அனுமதிக்கத்தக்க உச்ச வரம்பை நெருங்கிவிடும். ஆகவே ஒரு கிணறு கெட்டுப்போகக் கடல் முழுவதுமாக அதற்குள் வந்து சேர வேண்டியதில்லை.

நெல்லின் கணக்கு வேறு. வேர் நிற்கும் மண்ணின் நிறைவுச் சாற்றை (நீரில் நன்கு ஊறவைத்த மண்ணிலிருந்து பிரிக்கும் நீர்) எடுத்து, அதன் மின்கடத்துத் திறனை (விவசாயிகள் இ.சி. என்று சொல்வது) அளக்கிறார்கள். அது மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும் என்பது உலக அளவில் பயன்படுத்தப்படும் மதிப்பீடு. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்பை இன்னும் குறைவாகவே தாங்கும்.

உலகத் தண்ணீரை மேட்டூரில் அடக்கினால்

பூமியிலுள்ள மொத்த நீரின் அளவு சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இப்படிப்பட்ட எண் மனத்தில் நிற்பதில்லை. எனவே உலகின் நீர் முழுவதையும் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யாக (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) சுருக்கிக்கொள்வோம். அப்போது கணக்கு இப்படி வரும்.

1. 90 டி.எம்.சி.க்கு மேல், அதாவது 96.5 விழுக்காடு, கடல்நீர்.

2. நன்னீர் மொத்தமே 2.36 டி.எம்.சி.தான். அதிலும் 1.62 டி.எம்.சி. அண்டார்டிகா, கிரீன்லாந்து, உயர்ந்த மலைகள் ஆகியவற்றில் பனியாக உறைந்து கிடக்கிறது.

3. நிலத்தடியில் உள்ள நன்னீர் 0.71 டி.எம்.சி. நிலத்தடியில் உள்ள உவர்நீர் 0.87 டி.எம்.சி.

4. உலகின் நன்னீர் ஏரிகள் அனைத்தும் சேர்ந்து, மேட்டூரிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால் பத்து நிமிடத்தில் வெளியேறும் அளவு.

5. உலகின் எல்லா ஆறுகளிலும் ஒரு நேரத்தில் இருக்கும் நீர், அதே திறப்பில் பதினான்கு வினாடி.

மூன்றாவது வரியில் சற்று நின்று போக வேண்டும். நிலத்தைத் தோண்டினால் கிடைப்பது நல்ல தண்ணீர் என்பதே நம் பொதுவான எண்ணம். உலக அளவில் பார்த்தால் நிலத்தடி நீரில் பாதிக்கு மேல் உவர்நீர். நன்னீர் பெரும்பாலும் மேலடுக்குகளில் இருக்கிறது. ஆழத்துக்குச் செல்லச் செல்லப் பல இடங்களில் உப்பு கூடுகிறது. நல்ல தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் நூறு அடி இறக்கிப் பார்க்கலாம் என்ற யோசனை எல்லா இடத்துக்கும் பொருந்தாமல் போவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

நிலப்பரப்பின் மேலுள்ள நீரிலும் வேறுபாடுகள் உண்டு. ரஷ்யாவின் பைக்கால் ஏரி ஒன்றிலேயே ஏறத்தாழ 23,600 கன கிலோமீட்டர் நன்னீர் இருக்கிறது. உலகில் உறையாத மேற்பரப்பு நன்னீரில் இது ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீர் கொண்ட காஸ்பியன் கடலோ, கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புடையது. இதற்கு நேர்மாறாக, பல கண்டங்களின் கரையோரக் கடலடித் தரைக்குக் கீழே உப்புக் குறைந்த நீர் தேங்கியிருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உறைபனிக் காலத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது வெளியே கிடந்த நிலத்தில் பெய்த மழை உள்ளிறங்கித் தங்கியதே அந்த நீரில் பெரும்பகுதி. 2013இல் வெளியான ஓர் ஆய்வு அதன் உலக அளவை ஐந்து லட்சம் கன கிலோமீட்டர் என மதிப்பிட்டது. கடலுக்கடியில் நன்னீரும் நிலத்துக்கடியில் கடல்நீரும் இருக்க முடியும் என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

உப்பு எங்கிருந்து வந்தது?

மழைநீர் பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அந்த உப்புகளை ஆறுகள் வழியாகக் கடலில் சேர்க்கிறது. கடலடியிலுள்ள வெந்நீர் வெடிப்புகளிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் வேறு சில உப்புகள் வந்து சேர்கின்றன. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதனால் கடலில் சேர்ந்த உப்பு அங்கேயே தங்கிவிட, ஆவியாகிச் சென்ற நீர் மழையாக மீண்டும் நிலத்துக்கு வருகிறது. வெளியேறும் வழியில்லாத ஏரிகள் உப்பேரிகளாக மாறுவதும் இதே முறையில்தான். ஆக நன்னீர் என்பது ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்ட பொருளாக இருப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் சுற்றின் ஒரு கட்டமாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஓட்டம் நின்ற இடத்தில் உப்பு தங்கும். டெல்டாவைப் பற்றிய எல்லா விளக்கங்களுக்கும் இந்தச் செய்தி அடித்தளம்.

நிலத்துக்கடியில் உள்ள எல்லை

கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. இந்தச் சிறு வேறுபாடுதான் கடலோர நிலத்தடி நீரின் தலைவிதியை முடிவு செய்கிறது. மணற்படுகையின் துளைகளில் இரண்டும் சந்திக்கும்போது கனமான உவர்நீர் அடியிலும் இலேசான நன்னீர் மேலேயும் அமைகின்றன. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு ஆழத்துக்கு அது கடல்மட்டத்துக்குக் கீழே உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் பாடோன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இதன் பொருள் எளிது. ஆனால் விளைவு கடுமையானது. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம். அந்த மட்டம் அரை மீட்டராகக் குறைந்து அப்படியே நீடித்தால், எல்லை 20 மீட்டருக்கு ஏறி வரும். மேலே அரை மீட்டர் குறைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீழே 20 மீட்டர் நன்னீர் போய்விட்டது என்பது சில காலம் கழித்து, மோட்டாரில் வரும் தண்ணீரைச் சுவைக்கும்போதுதான் தெரியும். உண்மையில் இந்த எல்லை கூர்மையான கோடாக இருப்பதில்லை. இரண்டும் கலந்த ஓர் இடைப்பகுதி இருக்கும். மண்ணடுக்குகளைப் பொறுத்தும் விகிதம் மாறும். விதியின் திசை மட்டும் மாறாது.

வேதாரண்யம், கோடியக்கரைப் பகுதியின் மணல்மேடுகளில் கடலுக்கு வெகு அருகிலேயே குடிக்கத்தக்க ஊற்றுநீர் கிடைப்பதன் காரணமும் இதுவே. மணல் மழைநீரை உடனே உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்த நீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழம் குறைவாகத் தோண்டி, கொஞ்சமாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். அதே இடத்தில் ஆழமாக இறக்கிப் பலத்த மோட்டார் வைத்தால், குழாயின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் மேலேறி வந்துவிடும்.

கடைமடைக்கு உப்பு வரும் வழிகள்

எல்லா உப்பும் ஒரே வழியில் வருவதில்லை. வழி வேறானால் மருந்தும் வேறு என்பதால், இதைப் பிரித்தறிவது அவசியம்.

1. கடலிலிருந்து பக்கவாட்டில் ஊடுருவும் நீர். மேலே சொன்ன அழுத்தக் குறைவால் நேர்வது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் குறுவைக்கும் சம்பாவுக்கும் போர் நீரையே நம்பும்போது, நிரப்பும் நீரும் குறைகிறது, இறைக்கும் நீரும் கூடுகிறது. இரண்டு அடியும் ஒரே இடத்தில் விழுகிறது.

2. பழைய கடல் விட்டுச் சென்ற உப்பு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் டெல்டாவின் தென்கிழக்கில் கடல் இன்றைய கரையைவிட வெகுதூரம் உள்ளே இருந்தது. வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே வரிசை வரிசையாகக் காணப்படும் மணல்மேடுகள், பின்வாங்கிய கடலின் பழைய கரைகள். அவற்றுக்கு இடைப்பட்ட களிமண்ணில் அன்றைய உப்பு இன்னும் தங்கியிருக்கிறது. இங்கே போர் நீர் உப்பாக இருப்பதற்கு இன்றைய கடல்நீர் ஊடுருவல்தான் காரணம் என்று பரிசோதிக்காமல் சொல்லிவிட முடியாது.

3. முகத்துவாரங்கள் வழியே ஏறும் நீர். டெல்டாவின் கடலோரம் மிகத் தாழ்ந்த சமவெளி. ஆற்றில் நீரோட்டம் குறைந்தால், ஓதத்தின்போது (கடலின் மட்டம் உயரும் நேரத்தில்) கடல்நீர் ஆற்றின் அடிப்பகுதியில் ஆப்பு போல உள்நோக்கி நுழையும். மேலே நன்னீர் ஓடிக்கொண்டிருந்தாலும் அடியில் உப்பு இருக்கும். கடைமடை இயக்கு அணைகள் (திறந்து மூடும் கதவுகள் கொண்ட தடுப்புகள்) கட்டப்படுவது பாசனத்துக்கு நீரைத் தேக்க மட்டுமல்ல, இந்த ஏற்றத்தைத் தடுக்கவும்தான். கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை போன்றவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

4. மேலிருந்து இறங்கும் உப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடற்கரையோர வயல்களிலும் குளங்களிலும் கடல்நீரை நிரப்பிச் சென்றது. அது ஒரு நாள் நிகழ்வு. ஆண்டு முழுவதும் நடப்பது, கடல்நீரை நிறுத்தி வைக்கும் இறால் பண்ணைகளிலிருந்து அருகிலுள்ள வயலுக்கும் கிணற்றுக்கும் கசியும் உப்பு. இதன் கடுமையால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 டிசம்பர் 11 தீர்ப்பு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இத்தகைய பண்ணைகள் அமைப்பதற்குத் தடை விதித்தது. பிறகு 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அமைத்தது.

5. ஆழ்துளைக் குழாயின் வழியே நேரும் கசிவு. கடலோர டெல்டாவின் சில இடங்களில் மேலடுக்கு உப்பாகவும், களிமண் படுகைக்குக் கீழுள்ள பழைய மணற்கல் அடுக்கு நல்ல நீராகவும் இருக்கிறது. அங்கே ஆழமான போர் போடும்போது, உவர் அடுக்கைக் கடக்கும் பகுதியில் கேசிங் குழாயைச் சுற்றி முறையாக அடைக்காவிட்டால், மேலிருக்கும் உப்பு கீழே இறங்கி நல்ல அடுக்கையும் கெடுத்துவிடும். ஒருவர் செலவைக் குறைப்பதற்காகச் செய்யும் இந்தப் பிழை ஊர் முழுவதையும் பாதிக்கும். இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

மண்ணைத் திருத்துவதிலும் குழப்பம் உண்டு. கரையும் உப்புகள் மிகுந்தது உவர் நிலம். அதை நல்ல நீர் விட்டுக் கழுவி வடிய வைக்க வேண்டும். சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கியது களர் நிலம். அதற்கு ஜிப்சம் தேவை. வடிகால் இல்லாத வயலில் இரண்டுமே பயன் தராது. உப்பைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற மரபு நெல்லும், திருச்சி 3 போன்ற ரகங்களும் ஓரளவு உதவும் என்றாலும், நீரின் தரம் தொடர்ந்து சரிந்தால் எந்த ரகமும் தாங்காது.

கடலில் கலக்கும் நீர் வீணா?

காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் காவிரிப் படுகையின் மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கொண்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலில் சேரும் நீராக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டன. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஓடும் வெள்ளத்தில் இந்த 4 டி.எம்.சி. பதினொரு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆண்டுக்கணக்கான ஓர் எண்ணும் வெள்ளக் காலத்தின் ஒரு நாளும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

கடலில் சேரும் ஆற்றுநீர் முகத்துவாரத்தில் உப்பைத் தள்ளி நிறுத்துகிறது; மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கரை அரிப்பை எதிர்கொள்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளுக்கும் அங்கே வளரும் இறால், நண்டு, மடவை ஆகியவற்றுக்கும் நன்னீரும் கடல்நீரும் கலந்த நீரே தேவை. பாமணியாறும் கோரையாறும் வற்றிப்போனால் முத்துப்பேட்டைக் காயலின் உப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே கடலுக்குள் போகும் ஒவ்வொரு துளியும் வீண் என்ற வாதத்தை ஏற்க முடியாது.

அதே வேளையில், வெள்ளம் கடலுக்குப் போனால் நிலத்தடி நீர் தானாகவே நிரம்பிவிடும் என்பதும் சரியல்ல. கொள்ளிடம் ஒரு வெள்ள வடிகால். அதில் பத்து நாள் பாயும் பெருவெள்ளத்தால் ஆற்றோரப் படுகை நிரம்பும். திருமருகல், கீழையூர், தலைஞாயிறு பக்கத்து வயல்களுக்கு அந்த நீர் போய்ச் சேராது. அங்கே மேல்மண் பெரும்பாலும் களி. நீர் மெதுவாகத்தான் இறங்கும். வாய்க்காலிலும் குளத்திலும் நெல் வயலிலும் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீரே நிலத்தடி நன்னீரின் மட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை ஓடும் பாசன நீருக்கு, பயிரை வளர்ப்பதோடு உவர்நீரைப் பின்னுக்குத் தள்ளும் வேலையும் இருக்கிறது. வெள்ளத்தின் அளவைவிட நீர் தங்கும் நாட்களின் எண்ணிக்கைக்கு இங்கே எடை அதிகம். கடைமடைக் குளங்களைத் தூர்வாரி, அவற்றின் வரத்து வாய்க்கால்களைத் திறந்து வைப்பதைக் குடிமராமத்து வேலையாக மட்டும் பார்க்காமல், உப்பைத் தடுக்கும் வேலையாகவும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் முடிவு.

கடல்நீரை நன்னீராக்கினால்?

சென்னைக்கு அருகே நெம்மேலியில் 2013இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. அத்தகைய நிலையம் ஆண்டு முழுவதும் ஒரு நாளும் நிற்காமல் ஓடினால் கிடைப்பது சுமார் 1.29 டி.எம்.சி. இன்றைய தொழில்நுட்பத்தில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். மிஞ்சும் அடர் உப்புநீரை எங்கேயாவது விட்டாக வேண்டும். கடலோர நகரத்தின் குடிநீருக்கு இது ஒரு வழி. ஒரு கிலோ அரிசிக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் நீர் கேட்கும் நெல் பாசனத்துக்கு இது வழியே அல்ல. வேதாரண்யம் வரையுள்ள ஊர்களுக்குக் குடிநீர், கொள்ளிடத்து ஆற்றுப்படுகையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வருகிறது. கொள்ளிடத்தின் மணற்படுகை கெட்டால் அந்தக் குழாயும் கெடும்.

கணக்கில் சேர்க்கப்பட்ட நிலத்தடி நீர்

2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையிலுள்ள நீர் அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாகக் கொண்ட மதிப்பீட்டில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது அதற்கான காரணங்களில் ஒன்று. சட்ட விவாதத்தை ஒதுக்கிவிட்டு நீரியலை மட்டும் பார்த்தாலும் இதில் ஒரு சிக்கல் தெரிகிறது. டெல்டாவின் நிலத்தடி நீரில் பெரும்பங்கு, ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் நின்ற காவிரி நீரும் வடகிழக்குப் பருவமழையும் இறங்கியதால் கிடைத்தது. ஆற்றுநீர் குறைந்த ஆண்டில் அந்த 10 டி.எம்.சி.யும் குறையும். கடலோரத்தில் அதை எடுக்க எடுக்க, எஞ்சியிருப்பதன் தரமும் குறையும்.

நிலத்தடி நீர் வளத்தை அரசு பிர்கா (வட்டத்தின் உட்பிரிவு) வாரியாக மதிப்பிடுகிறது. ஆண்டு வரத்தில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 100ஐத் தாண்டினால் அதிநுகர்வு என்று வகைகள் உண்டு. தரத்தால் பயன்படாத பகுதிகளை உவர்ப் பகுதி எனத் தனியே வகைப்படுத்துகிறார்கள். கடலோரத்துக்கு இந்த விழுக்காடு போதாது. எடுத்த அளவு 60 விழுக்காடாக இருந்தாலும், நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் உவர்நீர் நகரத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றிலும் நீர்மட்டத்தைத் தரையிலிருந்து மட்டும் சொல்லாமல் கடல்மட்டத்தை ஒட்டியும் குறிக்க வேண்டும். கூடவே பல ஆழங்களில் மின்கடத்துத் திறனை அளந்து ஜனவரியிலும் மே மாதத்திலும் ஊராட்சி அளவில் வெளியிட வேண்டும். தன் வயலுக்கு அடியில் எல்லை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்த விவசாயிதான் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டலாம் என்று முடிவு செய்ய முடியும்.